முடிதிருத்தகத்தில் மருந்துச் சீட்டு: ரொனால்ட் விக்டரின் ஆய்வு உண்மையில் எதைக் காட்டியது?

பொருநைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

சமூகங்களுக்கிடையே உள்ள நலவாழ்வு ஏற்றத்தாழ்வைப் பற்றி இந்தக் குழுமத்தில் எப்போது பேசினாலும், ‘மக்களிடம் விழிப்புணர்வு இல்லை’ என்ற ஒரே தொடரில் பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தத் தொடர் எவ்வளவு தூரம் செல்லும், எந்த இடத்தில் நின்றுபோகும் என்பதைப் பத்தாண்டு இடைவெளியில் இரண்டு முறை அளந்து பார்த்த ஓர் ஆய்வாளரைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். அவர் ரொனால்ட் விக்டர். இதயநோய் மருத்துவர், உயர் இரத்த அழுத்தத்தில் தனிப்பயிற்சி பெற்றவர், முதலில் டாலஸ் நகரிலும் பின்னர் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் சீடர்ஸ்-சைனாய் மருத்துவ மையத்திலும் பணியாற்றியவர்.

அமெரிக்காவின் கறுப்பின ஆண்களிடையே உயர் இரத்த அழுத்தம் மிகுதி. அதனால் வரும் பக்கவாதமும் இதயச் செயலிழப்பும் அவர்களை இளம் வயதிலேயே தாக்குகின்றன. அதே ஆண்கள்தாம் மருத்துவமனைக்குக் குறைவாகச் செல்பவர்கள். ஆனால் இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை, பல ஆண்டுகளாக ஒரே முடிதிருத்தகத்துக்குத் தவறாமல் செல்கிறார்கள். பால்டிமோர் நகரில் எலைஜா சாண்டர்ஸ் என்ற மருத்துவர் தேவாலயங்களிலும் முடிதிருத்தகங்களிலும் இரத்த அழுத்தம் பார்க்கும் முயற்சியை முன்பே தொடங்கியிருந்தார். ஆகவே இந்த எண்ணம் விக்டருடைய கண்டுபிடிப்பு அன்று. அது பயன் தருகிறதா என்பதைக் கறாராகச் சோதித்ததுதான் அவருடைய பங்கு.

முதல் ஆய்வு டாலஸ் மாவட்டத்தில் 2006 முதல் 2008 வரை 17 கடைகளில் நடந்தது. முடிதிருத்துநரே அழுத்தத்தை அளந்தார். மிகுதியாக இருந்தால் மருத்துவரைப் பார்க்கும்படி வற்புறுத்தினார். குணம் கண்ட சக வாடிக்கையாளர்களின் கதைகள் சுவரொட்டிகளாகக் கடையில் தொங்கின. ஒப்பீட்டுக் கடைகளில் வழக்கமான துண்டறிக்கை மட்டும் வழங்கப்பட்டது. அழுத்தம் கட்டுக்குள் வந்தவர்களின் விகிதம் முதல் வகைக் கடைகளில் கூடுதலாக உயர்ந்தது உண்மை. ஆனால் அந்தக் கூடுதல் 8.8 விழுக்காட்டுப் புள்ளிகள் மட்டுமே. எத்தனையோ பேர் இதை வெற்றி என்று அறிவித்துக் கடையைக் கட்டியிருப்பார்கள். விக்டர் இதைப் போதாது என்று எடுத்துக்கொண்டார். எனக்கு அவரிடம் பிடித்ததே இந்த மனநிறைவின்மைதான்.

இரண்டாவது ஆய்வு லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் நடந்து 2018-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளிவந்தது. 52 கடைகள், 319 ஆண்கள். இம்முறை மருத்துவரிடம் அனுப்புவதற்குப் பதிலாக, பயிற்சி பெற்ற மருந்தாளுநரே கடைக்கு வந்தார். நோயாளியின் மருத்துவரோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி மருந்தைத் தொடங்கவும், அளவைக் கூட்டவும், வேறு மருந்து சேர்க்கவும் அவருக்கு அதிகாரம் இருந்தது. ஒப்பீட்டுக் கடைகளில் முடிதிருத்துநர் உணவு, உப்பு, உடற்பயிற்சி பற்றிப் பேசி மருத்துவரைப் பார்க்கச் சொன்னார்.

ஆறு மாதங்களில் மருந்தாளுநர் வந்த கடைகளில் மேல் அழுத்தத்தின் சராசரி 152.8-இலிருந்து 125.8-க்கு இறங்கியது. மற்றக் கடைகளில் 154.6-இலிருந்து 145.4-க்கு இறங்கியது. 130/80-க்குக் கீழே வந்தவர்கள் முதல் குழுவில் 63.6 விழுக்காடு, இரண்டாம் குழுவில் 11.7 விழுக்காடு.

இந்த எண்களை வைத்துக்கொண்டு நண்பர்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன். அறிவுரையின் எல்லையைத்தான் இந்த ஆய்வு காட்டுகிறது என்பது என் கருத்து.

எண்கணக்கன்

நல்ல தொடக்கம். ஆனாலும் சில எச்சரிக்கைகளைப் பதிய விரும்புகிறேன்.

அழுத்தம் மிகுதியாக இருப்பவர்களையே பொறுக்கி எடுத்து ஆறு மாதம் கழித்து மீண்டும் அளந்தால், ஒன்றும் செய்யாவிட்டாலும் சராசரி ஓரளவு இறங்கும். அன்றைக்குத் தற்செயலாக உயர்ந்திருந்தவர்கள் மறுமுறை தம் இயல்பு நிலைக்குத் திரும்பியிருப்பார்கள். ஆகவே ஒப்பீட்டுக் குழுவின் 9 புள்ளி இறக்கம் முழுவதையும் அறிவுரையின் பயன் என்று கொள்ளக் கூடாது. இந்தத் தற்செயல் இறக்கம் இரு குழுக்களுக்கும் பொதுவானது என்பதால், இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைத்தான் நம்பலாம். தொடக்க வேறுபாடுகளைச் சரிசெய்த பிறகு அந்த வேறுபாடு 21.6. மருந்து ஆய்வுகளில்கூட இவ்வளவு பெரிய எண்ணை எளிதில் காண முடியாது. இதன் பொருளை உணர ஒரு பழைய கணக்கு உதவும். பத்து இலட்சம் பேருக்கு மேற்பட்டோரின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2002-இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, 40 முதல் 69 வயது வரை மேல் அழுத்தத்தில் 20 புள்ளி வேறுபாடு இருந்தால் பக்கவாத இறப்பில் இரு மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு இருக்கிறது என்று காட்டியது.

அடுத்தது, மருந்தாளுநரைப் பார்க்கும் ஒவ்வொரு முறைக்கும் நோயாளிக்கு 25 டாலர் கொடுக்கப்பட்டது. மருந்துச் செலவுக்கும் மருந்துக்கடைக்குப் போய்வரும் செலவுக்கும் அது ஈடு. அது தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் கடை, முடிதிருத்துநரின் ஊக்கம், மருந்தாளுநரின் அதிகாரம், இந்தப் பணம் ஆகிய நான்கும் ஒன்றாகக் கட்டப்பட்ட மூட்டையைத்தான் ஆய்வு சோதித்தது. எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல அந்த ஆய்வால் முடியாது. ‘அறிவுரையின் எல்லை’ என்ற தங்கள் முடிவு சற்றே விரைந்த முடிவு.

பொருநைக்கரை

திரு. எண்கணக்கன் அவர்களின் இரண்டாம் திருத்தத்தைப் பாதியளவே ஏற்கிறேன். மூட்டையை முழுவதும் பிரிக்க முடியாவிட்டாலும் அதற்குள் எட்டிப் பார்க்க ஒரு வழி அதே கட்டுரையில் இருக்கிறது. தொடக்கத்தில் இரு குழுக்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேர்தான் அழுத்தத்துக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆறு மாதம் கழித்து மருந்தாளுநர் வந்த குழுவில் எல்லோருமே எடுத்துக்கொண்டார்கள்; ஒப்பீட்டுக் குழுவில் 63 விழுக்காட்டினர் மட்டுமே. ஒருவர் எடுத்துக்கொண்ட அழுத்த மருந்துகளின் சராசரி எண்ணிக்கை முதல் குழுவில் 1.1-இலிருந்து 2.6 ஆயிற்று, மற்றதில் 1.0-இலிருந்து 1.4 ஆனதோடு நின்றது. இறங்கிய அழுத்தத்தின் பெரும்பகுதி இந்த மாத்திரைகளுக்குள்தான் இருக்கிறது என்று நான் படிக்கிறேன்.

நியூயார்க்கில் ஜோசப் ராவனெல் குழுவினர் செய்த வேலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அங்கே முடிதிருத்தகங்களில் சேர்க்கப்பட்ட கறுப்பின ஆண்களைப் பெருங்குடல் புற்றுநோய்ச் சோதனைக்குச் செல்லத் தூண்டினார்கள். ஊக்கமூட்டும் உரையாடல் மட்டும் பெற்றவர்களில் 8.4 விழுக்காட்டினர் சோதனை செய்துகொண்டார்கள். நாள் குறித்து, தடைகளை நீக்கிக் கூடவே வழிகாட்டும் ஒருவர் கிடைத்தவர்களில் அது 17.5 விழுக்காடு. இரட்டிப்புதான், ஆனால் அங்கும் கடைசிப் படி வேறோர் இடத்தில், வேறொருவர் கையில் இருந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் அந்தக் கடைசிப் படியையே கடைக்குள் கொண்டுவந்தார்கள்.

மருந்துப்பெட்டி

வணக்கம். நான் கலிஃபோர்னியாவில் மருந்தாளுநராக இருக்கிறேன். அந்த ஆய்வில் எனக்குப் பங்கு ஏதும் இல்லை. ஆனால் அந்த வேலை எப்படிப்பட்டது என்று தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

பலர் நினைப்பதுபோல் அழுத்தத்தைக் குறைக்கப் புதுமையான மருந்து எதுவும் தேவையில்லை. ஆய்வில் பயன்பட்டவை பழகிய, விலை குறைந்த மருந்துகள்: முதலில் ஆம்லோடிபின், அதனுடன் லோசார்ட்டன் போன்ற வகையில் ஒன்று, அதற்கும் இறங்காவிட்டால் இண்டபமைடு என்ற நீர்போக்கு மாத்திரை. மருந்தைத் தேர்ந்தெடுப்பதில் சிக்கல் இல்லை. இரண்டு மூன்று வாரம் கழித்துத் திரும்பப் பார்த்து, போதவில்லை என்றால் அன்றே அடுத்த படிக்கு நகர்வதில்தான் சிக்கல். வழக்கமான மருத்துவமனையில் அடுத்த சந்திப்பு மூன்று மாதம் கழித்து. நோயாளி வேலைக்கு விடுப்பு எடுத்து வருகிறார். அன்று அழுத்தம் 148 இருக்கிறது. ‘வழியில் நெரிசல், அவசரமாக வந்தேன்’ என்று அவர் சொல்கிறார். ‘சரி, அடுத்த முறை பார்ப்போம்’ என்று மருத்துவரும் சொல்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் ஓராண்டு இப்படியே போய்விடுகிறது. எங்கள் துறையில் இதைச் சிகிச்சைத் தேக்கம் என்கிறோம். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், ஒரே மாத்திரையை ஒரே அளவில் நான்கு ஆண்டுகளாக வாங்கிச் சென்ற ஒருவருடைய அழுத்தம் ஒருமுறைகூட 150-க்குக் கீழே வந்ததில்லை என்பதை அவர் பக்கவாதத்தோடு சேர்க்கப்பட்ட பிறகே நாங்கள் கோப்பைப் புரட்டிக் கண்டோம்.

முடிதிருத்தகத்தில் இந்தத் தேக்கம் உடைகிறது. அவர் எப்படியும் வரப்போகிறார். நாற்காலியில் ஓய்வாக அமர்ந்திருக்கிறார். அளவும் நம்பத்தக்கதாக இருக்கிறது. இரத்தத்தில் உள்ள உப்புகளையும் சிறுநீரக நிலையையும் காட்டும் சிறு சோதனையைக் கடையிலேயே செய்துவிட முடிகிறது. இந்தக் கடைசி விவரம் முக்கியமானது. ஆய்வில் மூவருக்குச் சிறுநீரகச் செயல்பாடு திடீரெனக் குறைந்தது. இண்டபமைடை நிறுத்தியதும் சரியானது. கண்காணிப்பு இருந்ததால் அது கண்ணில் பட்டது. இந்தப் பகுதியை விட்டுவிட்டு ‘கடைகளில் மருந்து கொடுப்போம்’ என்று யாராவது கிளம்பினால் ஆபத்து.

சாம்பல்நாரை

எல்லாம் சரி. ஆனால் அடிப்படையான ஒரு கேள்வியை யாரும் தொடவில்லை. கறுப்பின மக்களுக்கு மரபணுவிலேயே அழுத்தம் ஏறும் தன்மை இருக்கிறது என்று படித்திருக்கிறேன். அடிமைக் கப்பல்களில் உப்பைத் தேக்கி வைத்துக்கொள்ளும் உடல்வாகு உள்ளவர்களே பிழைத்தார்கள், அதனால் அவர்களுடைய வழித்தோன்றல்களுக்கு அழுத்தம் மிகுதி என்பார்கள். அப்படியானால் இதைச் சமூக ஏற்றத்தாழ்வு என்று அழைப்பது எப்படிப் பொருந்தும்?

எண்கணக்கன்

அந்தக் கப்பல் கதை கேட்பதற்குக் கச்சிதமாக இருப்பதால் பரவிய ஒன்று. அடிமை வணிக வரலாற்றை ஆழ்ந்து ஆராய்ந்த ஃபிலிப் கர்ட்டின் 1992-இலேயே அதற்கு வரலாற்றுச் சான்று இல்லை என்று மறுத்து எழுதினார்.

மறுப்பைவிட வலுவான விடை சிகாகோ லயோலா பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் கூப்பர் குழுவினரிடமிருந்து 1997-இல் கிடைத்தது. ஒரே மேற்கு ஆப்பிரிக்க மூலத்தைச் சேர்ந்த மக்களை மூன்று பகுதிகளில், ஒரே முறையில், ஒரே வகைப் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு அளந்தார்கள். உயர் அழுத்தம் உள்ளவர்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் 16 விழுக்காடு, கரீபியத் தீவுகளில் 26, அமெரிக்காவில் 33. மரபு ஏறத்தாழ ஒன்றாக இருக்க, வாழும் இடம் மாற மாற எண் ஏறிக்கொண்டே போகிறது. உடல் எடை, உப்பு போன்றவற்றுக்கும் இதில் பெரும்பங்கு உண்டு. அதே குழுவினர் பின்னர் ஐரோப்பிய நாடுகளின் தரவுகளையும் சேர்த்து ஒப்பிட்டபோது, ஜெர்மனியிலும் ஃபின்லாந்திலும் உள்ள வெள்ளையரிடம் அமெரிக்கக் கறுப்பினத்தவரைவிட உயர் அழுத்தம் கூடுதலாகவே இருந்தது. மரபணுவுக்கு எந்தப் பங்கும் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இனத்தின் பெயரை வைத்து அதை அளக்க முடியாது.

சாம்பல்நாரை

ஜெர்மனி பற்றிய செய்தி எனக்குப் புதிது. என் கேள்வியைத் திரும்பப் பெறுகிறேன்.

வைகறை

மருத்துவமனைக்குச் செல்லத் தயங்குவதன் வேரைப் பற்றியும் பேச வேண்டும். அலபாமாவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, மேகநோய் (சிஃபிலிஸ்) கண்ட 399 கறுப்பின ஆண்களையும் நோயில்லாத 201 பேரையும் அரசின் பொதுச் சுகாதாரத் துறையே கண்காணித்துவந்தது. பென்சிலின் பரவலாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகும் நோயாளிகளுக்கு அதைக் கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். செய்தி வெளியான பின் நிகழ்ந்ததைப் பொருளியலாளர்களான மார்செல்லா ஆல்சனும் மரியன் வனமேக்கரும் ஆராய்ந்தனர். அந்தச் செய்தியின் விளைவாகக் கறுப்பின ஆண்களின் மருத்துவ நம்பிக்கை குறைந்தது என்றும், 45 வயதில் அவர்கள் எதிர்பார்க்கக்கூடிய எஞ்சிய வாழ்நாள் ஒன்றரை ஆண்டு வரை குறைந்தது என்றும் மதிப்பிட்டனர்.

அதே ஆல்சன் பின்னர் ஓக்லண்ட் நகரில் ஒரு களச் சோதனை நடத்தினார். அதற்கான ஆண்களைத் திரட்டியது பெரும்பாலும் முடிதிருத்தகங்களில்தான் என்பது இந்த இழைக்குப் பொருத்தமான தகவல். கறுப்பின மருத்துவரிடம் பேசியவர்கள், மற்ற மருத்துவர்களிடம் பேசியவர்களைவிட நீரிழிவு, கொழுப்புச் சோதனைகளுக்குக் கூடுதலாக இசைந்தார்கள். ஊசி, இரத்தம் என்று உடலைத் துளைக்கும் சோதனைகளில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாக இருந்தது. ஆகவே மருந்தாளுநரின் அதிகாரத்தை மட்டும் முன்னிறுத்துவது போதாது. அறிமுகம் செய்துவைத்தவர் யார், அந்த அறிமுகத்துக்கு எத்தனை ஆண்டு வயது என்பதும் முக்கியம்.

மருந்துப்பெட்டி

தோழி வைகறை சொல்வதை மறுக்கவில்லை. ஆயினும் டஸ்கீகியை மட்டும் எடுத்துக் காட்டும்போது பழி முழுவதும் இறந்த காலத்தின் தலையில் விழுந்துவிடுகிறது என்பது என் வருத்தம். நான் பேசிய நோயாளிகளில் பெரும்பாலோர் அந்தப் பெயரைச் சொன்னதே இல்லை. போன மாதம் காத்திருக்கும் அறையில் தம்மை எப்படி நடத்தினார்கள், வலி என்று சொன்னபோது போதை மருந்து கேட்டு வந்தவர் போலத் தம்மை எப்படிப் பார்த்தார்கள் என்பதைத்தான் சொல்வார்கள்.

கருவிகளிலேயே பிழை இருந்த கதையும் உண்டு. விரலில் மாட்டி ஆக்சிசன் அளவைக் காட்டும் கருவியைக் கொரோனாக் காலத்தில் நாம் எல்லோரும் வீட்டில் வாங்கி வைத்தோம் அல்லவா? கறுப்பின நோயாளிகளுக்கு உண்மையில் ஆக்சிசன் குறைந்திருக்கும்போதும் அது சரியாக இருப்பதாகக் காட்டிய பிழை, வெள்ளையருக்கு நேர்ந்ததைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு மிகுதி என்று 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது. சிறுநீரகச் செயல்பாட்டைக் கணிக்கும் சூத்திரத்தில் இனத்துக்கென்று வைத்திருந்த பெருக்கல் எண்ணை நீக்கும்படி வல்லுநர் குழு பரிந்துரைத்தது 2021-இல்தான். அந்த எண்ணால் கறுப்பினத்தவரின் சிறுநீரகம் இருப்பதைவிட நலமாக இருப்பதுபோல் தாளில் தெரிந்தது. மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையில் இடம்பெறுவதும் அதனால் தள்ளிப்போனது. நோயாளியின் அவநம்பிக்கையைக் குணப்படுத்த வேண்டிய குறையாகக் கருதுகிறவர்கள் இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

அரசமரத்தடி

படித்துக்கொண்டே வந்தபோது எனக்குத் தோன்றிய ஒன்று. நம் ஊர்களில் முடிதிருத்தும் சமூகத்துக்கு ‘மருத்துவர்’ என்றே பெயர் உண்டு. பிள்ளைப்பேறு பார்த்த அவ்வீட்டுப் பெண் மருத்துவச்சி. கட்டிக்கு மருந்து வைப்பதும் புண்ணைக் கீறுவதும் அவர்கள் கைவேலையாக இருந்தன. அந்த அறிவை மதிக்காமல் சாதியின் பெயரால் அவர்களைக் கீழே வைத்தோம் என்பது வேறு கதை. லாஸ் ஏஞ்சலிஸ்காரர்கள் புதிதாகக் கண்டுபிடித்ததாகச் சொல்லும் கூட்டணி நமக்கு ஏற்கெனவே தெரிந்ததுதானே? 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டமும் அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்தை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது.

பொருநைக்கரை

பெயர் ஒற்றுமை சுவையானது, ஐயா. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. விக்டரின் ஆய்வில் முடிதிருத்துநர் வைத்தியம் செய்யவில்லை. தம் கடையையும் தம் சொல்லின் மதிப்பையும் கொடுத்தார். வாசலுக்கு மருந்து கொண்டுபோகும் திட்டத்தோடு ஒப்பிடலாம் என்பதை ஏற்கிறேன். அங்கும் நான் கேட்க விரும்பும் கேள்வி, வாசலுக்கு வருபவர் மாத்திரையைக் கொடுத்துவிட்டு மட்டும் போகிறாரா, அழுத்தம் இறங்காதபோது மருந்தை மாற்றும் முடிவும் அதே விரைவில் வாசலுக்கு வந்து சேர்கிறதா என்பது. கொடுத்த மாத்திரைகளின் எண்ணிக்கையைவிட, கட்டுக்குள் வந்தவர்களின் எண்ணிக்கையையே நான் பார்க்க விரும்புவேன். அதற்குத் தனி இழை தொடங்கினால் நானும் வருகிறேன், இங்கே வேண்டாம்.

வைகறை

ஒரு குறையையும் பதிகிறேன். முடிதிருத்தகத்துக்கு வராதவர்களுக்கு என்ன வழி? பெண்கள் இந்தச் சோதனையில் இல்லவே இல்லை. அமெரிக்காவில் மகப்பேற்றை ஒட்டிய இறப்பு வெள்ளையரைவிடக் கறுப்பினப் பெண்களிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு. அதன் காரணங்களுள் உயர் அழுத்தமும் ஒன்று. வழக்கமாக ஒரே கடைக்கு வரும் ஆண்களைத்தான் இந்த ஆய்வு சேர்த்துக்கொண்டது. வேலையும் வீடும் நிலையாக இல்லாதவர், ஊர் மாறிக்கொண்டே இருப்பவர், மகனிடம் முடிவெட்டிக்கொள்ளும் முதியவர் இவர்களெல்லாம் தாமாகவே விடுபட்டுப் போகிறார்கள்.

எண்கணக்கன்

சரியான சுட்டல். ஆய்வில் கடைசிவரை நின்றவர்கள் 95 விழுக்காடு என்பதை எல்லோரும் வியந்து குறிப்பிடுகிறார்கள். நிலைத்து நிற்கக் கூடியவர்களைத் தேர்ந்தெடுத்தால் நிற்கத்தான் செய்வார்கள் என்பதையும் அதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஓராண்டு முடிவைப் பற்றி யாராவது எழுதுவீர்களா? ஆறு மாதத்தில் இறங்கியது பிறகு ஏறிவிட்டதா?

பொருநைக்கரை

ஏறவில்லை. இரண்டாம் ஆறு மாதத்தில் மருந்தாளுநர் நேரில் வரும் தடவைகளைக் குறைத்துவிட்டார்கள். அப்படியிருந்தும் ஓராண்டு முடிவில் மேல் அழுத்தம் தொடக்க நிலையிலிருந்து 28.6 புள்ளி குறைந்திருந்தது. ஒப்பீட்டுக் குழுவில் 7.2. 130/80-க்குக் கீழே இருந்தவர்கள் 68 விழுக்காடு, மற்றதில் 11. அந்தக் கட்டுரை 2018 டிசம்பரில் வெளிவந்தது. விக்டர் அதற்கு முன்பே, அவ்வாண்டு செப்டம்பரில் காலமாகிவிட்டார்.

சாம்பல்நாரை

இவ்வளவு தெளிவான பயன் இருந்தும் அந்நாடு முழுவதும் இது ஏன் பரவவில்லை?

மருந்துப்பெட்டி

டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் இதே முறையைச் சிறிய அளவில் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் பரவுவதற்குச் சம்பளம் வேண்டும். முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் மருத்துவச் சேவைப் பிரிவு மருந்தாளுநரைச் சேவை வழங்குநராக ஏற்பதில்லை. மாத்திரையை எடுத்துக் கொடுத்தால் அதற்கு உண்டான கட்டணம் கிடைக்கும். கடைக்குப் போய், அளந்து, யோசித்து, மருந்தை மாற்றி, இரண்டு வாரம் கழித்து மீண்டும் போய்ப் பார்த்தால், அந்த உழைப்புக்கு என் பெயரில் நேரடியாகக் கட்டணம் கேட்க வழியில்லை. அதை மாற்றும் சட்ட முன்வரைவுகள் அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை வைக்கப்பட்டன. எதுவும் இன்னும் சட்டமாகவில்லை.